பாடத்தில் ஒதுங்கும் பிள்ளையை வகுப்புக்குள் கொண்டுவருவது எப்படி?

காலையில் மக்தப், ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம், மாலையில் டியூஷன். நம் வீட்டுப் பிள்ளைகள் பலருடைய ஒரு நாள் இப்படித்தான் ஓடுகிறது. இந்த மூன்று இடங்களிலிருந்தும் ஒரே பிள்ளையைப் பற்றி ஒரே மாதிரியான புகார் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "கவனமே இல்லை." "வாசிக்க எழுப்பினால் வாயைத் திறப்பதில்லை." "போர்டைப் பார்த்து எழுதி முடிப்பதில்லை."

வீட்டில் பார்த்தால் அவன் மந்தமான பிள்ளையாகத் தெரிவதில்லை. கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருகிறான். கேட்ட கதையை ஒன்று விடாமல் திருப்பிச் சொல்கிறான். சைக்கிள் செயின் கழன்றால் அவனே மாட்டிவிடுகிறான். ஆனால் மூன்றாம், நான்காம் வகுப்புக்கு வந்ததும் காலையில் வயிற்றுவலி என்கிறான். லீவு நாளில் அந்த வலி வருவதில்லை.

இப்படிப்பட்ட பிள்ளையைச் சோம்பேறி, அடங்காதவன், மக்கு என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் பல நேரங்களில் அவன் படிக்க மறுக்கவில்லை. எழுத்து வழியாக மட்டுமே திறக்கும் ஒரு கதவின் முன் நிற்கிறான், அந்தக் கதவு அவனுக்குத் திறக்கவில்லை. அவனுக்காக இன்னொரு கதவைத் திறந்துவிட்டால் உள்ளே வருவான். அதற்குப் பெற்றோரும் வகுப்பாசிரியரும் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்தும் செய்யக்கூடியவற்றை இங்கே பார்ப்போம்.

கற்றல் குறைபாடு என்றால் என்ன?

அறிவுத்திறன் சராசரியாகவோ அதற்கு மேலாகவோ இருந்தும், பார்வையும் செவியும் நன்றாக இருந்தும், முறையாகக் கற்றுக்கொடுத்தும், வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ மட்டும் ஒரு பிள்ளை தொடர்ந்து தடுமாறினால் அதைக் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு என்கிறார்கள். வாசிப்பில் வருவது டிஸ்லெக்சியா, எழுதுவதில் வருவது டிஸ்கிராஃபியா, எண்களில் வருவது டிஸ்கால்குலியா. மூளை எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடு இது. இது நோயும் அல்ல, வளர்ப்பின் குற்றமும் அல்ல. ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு மேல் இருப்பதும் உண்டு. "எனக்கும் சின்ன வயதில் இப்படித்தான்" என்று சொல்லும் வாப்பாக்களும் மாமாக்களும் இருக்கிறார்கள்.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாடு என்பது வேறு. அதில் எழுத்தை அறிவதைவிட, ஓரிடத்தில் கவனத்தை நிறுத்துவதும் உடலை அடக்கி உட்காருவதும்தான் சிரமம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து இருக்கவும் கூடும்.

எதையும் முடிவு செய்யும் முன் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும், ஒரு காதில் கேட்காத பிள்ளையும் கவனமில்லாத பிள்ளைகளைப் போலவே தெரிவார்கள். ஒரு கண்ணாடியோடு தீர வேண்டிய விஷயம் சில வீடுகளில் வருடக்கணக்கில் அடியாகவும் திட்டாகவும் நீண்டுவிடுகிறது.

ஒரே நாளில் மூன்று எழுத்துகள்

நம் பிள்ளைகளின் நிலையில் இன்னொரு சிரமம் இருக்கிறது. ஒரே நாளில் அவர்கள் மூன்று எழுத்து முறைகளைச் சந்திக்கிறார்கள்.

தமிழில் 247 எழுத்துகள். ல, ள, ழ என்றும் ர, ற என்றும் ன, ண, ந என்றும் ஒலியால் நெருங்கிய எழுத்துகள் இருக்கின்றன. கெ, கே, கை ஆகியவற்றில் கண் முதலில் காண்பது உயிர்க்குறியை, வாய் முதலில் சொல்வது மெய்யை. ஒரே ப எழுத்து 'பம்பரம்' என்ற சொல்லில் முதலில் ஓர் ஒலியாகவும் அடுத்து இன்னோர் ஒலியாகவும் வருகிறது.

ஆங்கிலத்தில் பி, டி என்ற இரு சிறிய எழுத்துகள் ஒன்றையொன்று கண்ணாடியில் பார்ப்பது போல இருக்கும். ஒரே எழுத்துக்குச் சொல்லுக்குச் சொல் ஒலியும் மாறும்.

அரபியில் 28 எழுத்துகள். வலமிருந்து இடமாக ஓத வேண்டும். பா, தா, ஸா மூன்றும் ஒரே வடிவம், புள்ளியின் எண்ணிக்கையும் இடமும் மட்டுமே வேறு. ஜீம், ஹா, கா மூன்றும் அப்படியே. சொல்லின் முதலில், நடுவில், கடைசியில் வரும்போது எழுத்தின் உருவமும் மாறும்.

பெரும்பாலான பிள்ளைகள் இதைச் சமாளித்துவிடுகிறார்கள். எழுத்தை அறிவதிலேயே சிரமப்படும் பிள்ளைக்கு இது மூன்று மடங்குச் சுமை. தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட நெருக்கமானது என்பதால், தமிழில் பிழை குறைவாகவும் வேகம் மட்டும் மிகக் குறைவாகவும் தெரியலாம். "தமிழ் வாசிக்கிறானே, அப்புறம் ஏன் இங்கிலீஷ் வராது?" என்ற கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. பதில் பிடிவாதம் அல்ல.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள்

- வாயால் கேட்டால் விடை சொல்கிறான், எழுதச் சொன்னால் தாள் வெறுமையாக இருக்கிறது.
- வாசிக்கும்போது முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறான். வரி தவறுகிறது.
- அதே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுகிறான்.
- பாடத்தை மனப்பாடமாகச் சொல்கிறான், ஆனால் விரல் வேறு வரியில் இருக்கிறது.
- கிழமை, மாதம், வாய்ப்பாடு ஆகியவற்றை வரிசையாகச் சொல்லத் தடுமாறுகிறான்.
- வாசிக்கும் முறை தன்னிடம் வரப்போகும்போது தண்ணீர் குடிக்க, ஒன்றுக்குப் போக அனுமதி கேட்கிறான்.
- வகுப்பில் கோமாளித்தனம் செய்கிறான், அல்லது ஒரு சொல்கூடப் பேசாமல் கடைசி பெஞ்சில் ஒடுங்குகிறான்.

கடைசி இரண்டும் குணத்தின் குறை போலத் தோன்றும். உண்மையில் அவமானத்திலிருந்து தப்பிக்கும் வழிகள் அவை. "படிக்கத் தெரியாதவன்" என்ற பெயரைவிட "சேட்டைக்காரன்" என்ற பெயர் தேவலை என்று பிள்ளை முடிவு செய்திருக்கிறான்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அமைதியாக உட்கார்ந்து, அழகாகக் கோடு போட்டு, தோழியைப் பார்த்து எழுதிக்கொண்டு வரும் பிள்ளை யார் கண்ணிலும் படாமல் எட்டாம் வகுப்பு வரை வந்துவிடுவாள். பெயர் கெட்டுவிடும், நாளை சம்பந்தம் பேச வருபவர்கள் என்ன சொல்வார்கள் என்று சில வீடுகளில் மறைத்தும் விடுகிறார்கள். மறைப்பதால் குறை போவதில்லை, உதவிதான் தள்ளிப்போகிறது. படிப்பு நின்றுபோவதில்தான் அது பெரும்பாலும் முடிகிறது.

வகுப்பறையில் ஆசிரியர் செய்யக்கூடியவை

நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவருக்குத் தனிப் பாடம் நடத்த முடியாது என்று ஆசிரியர்கள் சொல்வது நியாயமே. கீழே உள்ளவற்றுக்குத் தனி வகுப்போ பணமோ வேண்டாம்.

1. இடம். முன் வரிசையில், ஜன்னலுக்கும் வாசலுக்கும் தள்ளி, நிதானமான ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார வைக்கலாம். இது தண்டனை இடமாகத் தெரியக் கூடாது.

2. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. "புத்தகத்தை எடுத்து, 42-ம் பக்கத்தைத் திறந்து, மூன்றாவது கேள்விக்கு நோட்டில் விடை எழுது" என்பதில் மூன்று வேலைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகச் சொல்லி, "இப்போது என்ன செய்யப் போகிறாய்?" என்று அவன் வாயால் கேட்டுக்கொண்டால் போதும்.

3. திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்லக் கூடாது. "நாளை இந்த இரண்டு வரி உன்னுடையது" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் வீட்டில் பத்துத் தடவை வாசித்துவிட்டு வருவான். எல்லார் முன்னிலும் ஒருமுறை பிழையில்லாமல் வாசித்துவிட்ட பிள்ளை மறுபடியும் கை தூக்கத் துணிவான்.

4. வாய்வழி விடை. அறிவியலில் ஒளிச்சேர்க்கை தெரியுமா என்பதுதான் கேள்வி என்றால், அதை அவன் சொன்னாலும் படம் வரைந்து காட்டினாலும் தெரியும் என்றுதான் பொருள். எழுத்துப்பிழைக்கான மதிப்பெண்ணை மொழிப் பாடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

5. போர்டைப் பார்த்து எழுதும் வேலையைக் குறைப்பது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், முக்கிய வரிகளை மட்டும் எழுதச் சொல்லலாம். எழுதி முடிப்பதிலேயே நேரம் போனால் பாடத்தைக் கேட்க அவனுக்கு நேரமே இருக்காது.

6. வரி காட்டும் அட்டை. ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவே வெட்டிய காகித அட்டை ஒன்று பல பிள்ளைகளுக்கு வரி தவறாமல் வாசிக்க உதவுகிறது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கமே இதற்குப் போதும்.

7. ஒரு பொறுப்பு. வருகைப் பதிவை எடுத்துவருவது, ஆய்வுப் பொருள்களை அடுக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று அவன் நன்றாகச் செய்யும் ஒரு வேலையைக் கொடுத்தால் வகுப்பில் அவனுக்கென்று ஓர் இடம் உண்டாகும். உட்கார முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு எழுந்து நடக்க ஒரு காரணமும் கிடைக்கும்.

8. குறிப்பான பாராட்டு. "வெரி குட்" என்பதைவிட "இன்றைக்கு ழகரத்தை நீயே திருத்திக்கொண்டாய்" என்பது அதிகம் பயன்படும். எதைச் சரியாகச் செய்தோம் என்று அவனுக்குத் தெரிகிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைக்கேற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. வயதுக்குரிய பாடத்திலிருந்து அல்லாமல் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கலாம் என்ற எண்ணம் நம் ஆசிரியர்களுக்குப் புதிதல்ல. அதை மேல் வகுப்புகளிலும் ஒரு பிள்ளைக்காக நீட்டிக்கொள்ளும்படி கேட்பதில் தவறில்லை.

மக்தபில்

பல பிள்ளைகள் முதல் அவமானத்தைச் சந்திக்கும் இடம் மக்தபாக இருந்துவிடுகிறது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்ள வேண்டும். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் குர்ஆனுக்கு மாறிவிட, தான் மட்டும் அரிச்சுவடியிலேயே மூன்றாவது வருடம் உட்கார்ந்திருப்பது ஒரு பத்து வயதுப் பையனுக்கு எவ்வளவு பெரிய பாரம்! அந்தப் பிள்ளை பெரியவனானதும் மக்தபை மட்டும் அல்ல, ஓதுவதையே விட்டுவிடக்கூடும்.

இங்கே ஹஜ்ரத்துகளின் கையில் ஒரு பெரிய வசதி இருக்கிறது. குர்ஆன் கேட்டுக் கேட்டு நெஞ்சில் பதியும் வேதம். எழுத்து வராத பிள்ளைக்குக் காது வழியாகச் சூரா ஏறும். ஹஜ்ரத் ஓத, அவன் திருப்பி ஓத, சின்ன சூராக்களை முதலில் மனனம் செய்துவிட்டு, பிறகு தெரிந்த சூராவையே எழுத்தில் பார்க்கச் செய்யலாம். தெரிந்த ஒலிக்கு எழுத்தைத் தேடுவது, தெரியாத எழுத்துக்கு ஒலியைத் தேடுவதைவிட எளிது. புள்ளி எழுத்துகளை ஒரே நாளில் மூன்றும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்காமல், ஒன்று உறுதியான பிறகு அடுத்ததற்குப் போகலாம். ஒரே வடிவ எழுத்துகளின் புள்ளிகளுக்கு வெவ்வேறு வண்ணம் இடலாம். மணலிலோ அரிசித் தட்டிலோ விரலால் எழுதச் செய்யலாம்.

திக்கித் திக்கிச் சிரமத்தோடு குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்ற கருத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. பிரம்பைக் கையில் எடுக்கும் முன் இதை நினைவில் கொண்டால் போதும். அந்தப் பிள்ளையிடமே இதைச் சொன்னால் அவன் நிமிர்ந்து உட்காருவான்.

வீட்டில் பெற்றோர் செய்யக்கூடியவை

பள்ளியில் ஆறு மணி நேரம் தோற்றுவிட்டு வரும் பிள்ளைக்கு வீடு ஏழாவது மணி நேரமாக ஆகிவிடக் கூடாது. வந்ததும் கொஞ்ச நேரம் விளையாட விடுங்கள். வீட்டுப்பாடத்தைப் பதினைந்து நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, நடுவே எழுந்து நடக்க விடுங்கள். பாடத்தை நீங்கள் வாசியுங்கள், அவன் கேட்கட்டும், பிறகு அவன் வார்த்தையில் சொல்லட்டும். எழுதும் அளவைக் குறைக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். இரவு பத்து மணிவரை அழுதுகொண்டே எழுதிய மூன்று பக்கத்தில் எதுவும் மனதில் நிற்பதில்லை.

அக்காவோடும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிட வேண்டாம். புரியாத பாடத்துக்கு இன்னொரு டியூஷன் சேர்ப்பதும் மருந்தல்ல. அதே முறையில் இன்னும் அதிக நேரம் கற்பித்தால் அதே தோல்விதான் அதிக நேரம் நீடிக்கும். "மூன்று மாதத்தில் குணமாக்குகிறோம்" என்று விளம்பரம் செய்யும் டானிக்குகளுக்கும் பயிற்சிகளுக்கும் பணத்தைக் கொட்டாதீர்கள். கற்றல் குறைபாட்டைத் துடைத்து எடுக்கும் மருந்து இல்லை. எழுத்தையும் ஒலியையும் படிப்படியாக இணைத்து, பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்சிதான் பலன் தரும். ஏ.டி.எச்.டி.க்கு மட்டும் சில பிள்ளைகளுக்கு மருத்துவர் மருந்து எழுதுவது உண்டு. அது மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

வகுப்பாசிரியரிடம் பேசப் போகும்போது புகாரோடு போகாதீர்கள், ஒரு பக்கத் தாளோடு போங்கள். அதில் மூன்று விஷயங்கள் எழுதியிருக்கட்டும்: என் பிள்ளைக்கு எது நன்றாக வருகிறது, எதில் தடுமாறுகிறான், வீட்டில் எந்த முறை பயன்பட்டது. பிறகு இரண்டே இரண்டு மாற்றங்களைக் கேளுங்கள். பத்து கேட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டு கேட்டால் பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வார்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி போய்ப் பாருங்கள். அதே தாளின் ஒரு பிரதியை ஹஜ்ரத்திடமும் டியூஷன் ஆசிரியையிடமும் கொடுங்கள்.

சட்டமும் அரசு உதவியும்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, குறைபாடுகளின் பட்டியலை 7-லிருந்து 21-ஆக விரித்தது. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதில் உண்டு. ஏ.டி.எச்.டி. அதில் தனியாக இடம்பெறவில்லை. கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறிந்து அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கையாள வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் 16-ம் பிரிவு பேசுகிறது. அரசு நிதி பெறும் பள்ளிகளையும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் அது குறிப்பிடுகிறது.

கல்விக்கான உரிமைச் சட்டம், 2009, அதன் 17-ம் பிரிவில் உடலால் தண்டிப்பதையும் மனதால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இந்தச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2014-ல் தீர்ப்பளித்தது. மக்தபும் இதற்குள் வராது. சட்டம் கேட்காத இடத்தில் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகள் இந்தப் பிள்ளைகளை "ரிசல்ட் குறையும்" என்று டி.சி. கொடுத்து அனுப்பினால், பிறகு யாரிடம் போய் முறையிடுவது?

உதவி தேடிப் போக வேண்டிய இடங்கள்:

- வட்டார வள மையம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் உள்ளடக்கிய கல்விப் பிரிவில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளித் தலைமையாசிரியர் வழியாக அணுகலாம்.
- மாவட்டத் தொடக்க நிலை இடையீட்டுச் சேவை மையம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் 18 வயது வரையிலான பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். கற்றல் குறைபாடும் ஏ.டி.எச்.டி.யும் அதில் அடங்கும்.
- சென்னை முட்டுக்காட்டில் உள்ள பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், சென்னையில் இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம்.

கற்றல் குறைபாட்டுக்கான முறையான மதிப்பீடு பொதுவாக மூன்றாம் வகுப்பில், அதாவது எட்டு வயதில் தொடங்குகிறது. அதற்கு முன் எழுத்தைத் தலைகீழாக எழுதுவது பல பிள்ளைகளுக்கு இயல்பே. சான்றிதழுக்குக் காத்திருக்காமல் மேலே சொன்ன வகுப்பறை மாற்றங்களை ஐந்து வயதிலேயே தொடங்கலாம். சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். இதைத் தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே செய்ய வேண்டும். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகு ஓடுவதில் பயனில்லை.

பலன் தெரிவது எப்படி?

முதலில் மதிப்பெண்ணில் தெரியாது. காலை வயிற்றுவலி குறைவதில் தெரியும். "இன்றைக்கு நான் கை தூக்கினேன்" என்று சாப்பிடும்போது சொல்வதில் தெரியும். தண்ணீர் குடிக்க அனுமதி கேட்காமல் தன் முறைக்குக் காத்திருப்பதில் தெரியும். மதிப்பெண் அதற்குப் பிறகு மெதுவாக வரும். சில பிள்ளைகளுக்கு வாசிப்பு வேகம் கடைசிவரை மற்றவர்கள் அளவுக்கு வராமலும் போகலாம். ஆனாலும் கற்பது நிற்பதில்லை.

இன்று இரவு உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வகுப்பில் எந்த நேரம் உனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கு?" பதில் வரும்வரை காத்திருங்கள், நடுவில் அறிவுரை சொல்லாதீர்கள். அவன் சொல்லும் அந்த நேரம்தான் நீங்கள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய முதல் மாற்றம். அங்கிருந்து தொடங்கினால், இன்ஷா அல்லாஹ், கடைசி பெஞ்சிலிருந்து அவன் ஒவ்வொரு வரிசையாக முன்னால் வருவான்.